வீட்டுப் பதிவு மிக்ஸில் தெளிவும் சத்தமும்: லிமிட்டருக்கு முன்னால் முடிய வேண்டிய வேலை

வீட்டில் பதிந்து மிக்ஸ் செய்த பாட்டை, முறையாக வெளிவந்த ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினால் இரண்டு குறைகள் உடனே காதில் படும். ஒன்று, ஒலி மங்கலாக இருக்கும், கம்பளிக்குப் பின்னாலிருந்து பாடுவது போல. இன்னொன்று, சத்தம் போதாது. பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் முதலில் சரிசெய்யப் போகிறார்கள். எல்லா ட்ராக்கும் கலந்து வெளியேறும் கடைசிச் சேனலான மாஸ்டரில், உச்சங்களை வரம்புக்குள் அமுக்கிவைக்கும் ஒரு லிமிட்டரைப் போட்டு எட்டு, பத்து டெசிபல் தூக்கிவிடுகிறார்கள். சத்தம் ஏறத்தான் செய்யும். ஆனால் டிரம்ஸ் அடி தட்டையாகி, குரல் கரகரத்து, அறையின் எதிரொலியும் ஃபேன் இரைச்சலும் முன்னால் வந்து நிற்கும்.

இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே. டிஜிட்டலில் உச்சவரம்பு 0 டெசிபல், அதற்கு மேல் இடம் கிடையாது. அந்த இடத்தில் கணிசமான பங்கை, கேட்பவர் காதுக்கு எட்டாத சமாச்சாரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 30 ஹெர்ட்ஸ் அதிர்வு, ஒன்றோடொன்று மோதும் பேஸும் கிக் டிரம்மும், ஒரே ஒரு சொல்லில் எகிறும் குரல், சில மில்லி செகண்ட் மட்டும் தலைதூக்கும் ஸ்நேர் டிரம் அடியின் முனை, இப்படி. இவற்றை அதனதன் ட்ராக்கிலேயே அடக்கினால் மிக்ஸ் தெளியும். தெளிந்த மிக்ஸைச் சத்தமாக்க லிமிட்டர் அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

இதை அளந்தும் பார்க்கலாம். எந்த மிக்ஸிலும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பீக், அதாவது அலை எட்டுகிற உச்சம். இன்னொன்று பாட்டு முழுவதற்குமான சராசரிச் சத்தம், எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகில் வருவது. பீக் மைனஸ் 3, சராசரி மைனஸ் 20 என்றால் இடைவெளி 17. டிரம்ஸும் பேஸும் உள்ள ஒரு சாதாரணப் பாட்டு முடிந்த நிலையில் இந்த இடைவெளி ஏறக்குறைய 9 முதல் 12 வரை இருக்கும். ஆக நம் வேலை அந்த ஐந்தாறு டெசிபலைக் காதுக்குத் தெரியாமல் எடுப்பது. ஒரே இடத்தில் ஆறையும் எடுத்தால் கேட்கும். ஐந்து இடங்களில் ஒன்றொன்றாக எடுத்தால் கேட்காது.

மைக் முன்னாலேயே பாதி முடிந்துவிடுகிறது

அறை எதிரொலியை மிக்ஸில் எடுத்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். அதற்கென்று பிளக்-இன்கள், அதாவது மிக்ஸ் மென்பொருளுக்குள் சேர்க்கும் சிறு கருவிகள், உண்டு, ஓரளவு உதவும். ஆனால் மைக்கை நகர்த்துவதால் கிடைக்கும் பலன் அவற்றில் கிடைக்காது. பாடுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். அறையில் சுற்றிவரும் ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். 40 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு வந்தாலே குரல் முன்னால் வந்து நிற்கும். இன்னும் நெருங்கினால் கார்டியாய்டு மைக்கில், அதாவது முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் மைக்கில், கீழ்ஸ்தாயி வீங்கத் தொடங்கும். எனவே 15 முதல் 20 சென்டிமீட்டர், நடுவில் பாப் ஃபில்டர், மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில். 'ப' வரும்போது வெடிக்கும் காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும்.

வெறும் சுவருக்கோ கண்ணாடி ஜன்னலுக்கோ அருகில் பாடக் கூடாது. காரணம் எளிது. நேரடி ஒலியைவிட 34 சென்டிமீட்டர் கூடுதலாகச் சுற்றிவரும் பிரதிபலிப்பு ஒரு மில்லி செகண்ட் தாமதமாக மைக்கை எட்டும். அந்த இரண்டும் கூடும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். டப்பாவுக்குள் பாடுவது போன்ற ஒலி அங்கிருந்துதான் வருகிறது. ஸ்தாயிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் எந்த இக்யூவாலும் அந்தப் பள்ளங்களை நிரப்ப முடியாது. மெல்லிய ஃபோம் தகடுகள் மேல்ஸ்தாயியை மட்டும்தான் உறிஞ்சும். அறை முழுக்க அவற்றை ஒட்டினால் கீச்சு அடங்கி, கும்மென்ற பகுதி மட்டும் மிஞ்சும். பாடுபவரின் முதுகுப் பக்கம் கனத்த மெத்தையோ, சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளித் தொங்கவிட்ட தடித்த போர்வைகளோ இருந்தால் போதும். கார்டியாய்டு மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பதிவின் அளவைப் பொறுத்தவரை, 24 பிட்டில் பதியும்போது மீட்டரைச் சிவப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டிய கட்டாயமே இல்லை. பீக் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 வரை இருந்தால் நிறைவு. உரக்கப் பாடும் வரியை முன்கூட்டியே பாடவைத்து கெய்னை, அதாவது மைக் ஒலியை உள்வாங்கும் அளவை, வையுங்கள். மென்மையாகப் பாடும் பல்லவியில் வைத்தால் சரணத்தில் கிளிப் ஆகும், அதாவது வரம்பைத் தாண்டி ஒலி உடையும், ஆனால் அது பதிந்த பிறகுதான் தெரியும்.

பாடுவதற்கு முன் பத்து நொடி வெறும் அறையையும் பதிந்து கேளுங்கள். முடிவில் பாட்டை 10 டெசிபல் தூக்கினால் அந்த இரைச்சலும் 10 டெசிபல் தூக்கப்படும், உரத்ததை அமுக்கி மெல்லியதை முன்னால் கொண்டுவரும் கம்ப்ரஸர் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். லேப்டாப் விசிறி, குளிர்சாதனப் பெட்டி, கேபிள் வழியாக வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகல் எல்லாவற்றையும் அப்போதே தேடிப் பிடித்து நிறுத்துவதுதான் மலிவான வழி.

உட்காரும் இடம் பொய் சொன்னால்

இதை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் வீட்டு மிக்ஸின் கீழ்ஸ்தாயிச் சிக்கல்களில் பெரும்பகுதி மிக்ஸிங் திறமைக் குறைவால் வருவதில்லை, தவறாகக் கேட்பதால் வருகிறது. 3 மீட்டர் நீள அறையில் முதல் நிலையலை, அதாவது சுவர்களுக்கிடையே நின்று அதிரும் அலை, சுமார் 57 ஹெர்ட்ஸில் விழும். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் உங்கள் அறைக்கான எண் கிடைக்கும். அறையின் சரியான நடுவில் உட்கார்ந்தால் அந்த 57 ஹெர்ட்ஸ் காதில் விழவே விழாது. "பேஸ் போதவில்லை" என்று 5 டெசிபல் ஏற்றுவீர்கள். சுவரோரம் போனால் அதே நோட் இரைந்து ஒலிக்கும். ஏற்றிய அந்த 5 டெசிபல் மீட்டரில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், கேட்பவர் எவருக்கும் பயன் இருக்காது.

முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலான தூரத்தில் தலை இருக்கட்டும். 38 சதவீதம் என்று ஒரு வாய்ப்பாடு புழங்குகிறது. அதை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொண்டு, பேஸ் ஸ்கேல் ஒன்றை ஓடவிட்டு நாற்காலியை முன்பின் நகர்த்திப் பாருங்கள். எல்லா நோட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடம்தான் உங்கள் இடம். ஸ்பீக்கர் தனக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து சரியாக 1 மீட்டர் தள்ளி இருந்தால் 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு குழி விழும். சிறிய அறையில் சுவருக்கு நெருக்கமாக வைத்து, ஸ்பீக்கரின் பின்னால் உள்ள சுவிட்சில் கீழ்ஸ்தாயியைக் குறைத்துக்கொள்வது மேல்.

சத்தமாக வைத்து மிக்ஸ் செய்வதும் ஏமாற்றும். சத்தம் குறையக் குறையக் காது கீழ்ஸ்தாயியை முதலில் இழக்கிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டிய சங்கதி இது. சத்தமாகக் கேட்டு முடிவு செய்த மிக்ஸை, சாதாரணச் சத்தத்தில் கேட்பவர் பேஸ் இல்லாமல் கேட்பார். பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவு போதும். பேலன்ஸை அதைவிடவும் குறைத்து வைத்து முடிவு செய்யலாம். மிக மெல்லிய சத்தத்திலும் வரிகள் புரிந்து, ஸ்நேர் தெரிந்தால் அந்த மிக்ஸ் எங்கு போனாலும் நிற்கும்.

ஹெட்போன் மட்டும்தான் இருக்கிறதென்றாலும் நல்ல மிக்ஸ் செய்யலாம். அதில் அறையின் பொய் இல்லை. ரிவர்ப் என்ற செயற்கை எதிரொலியின் அளவும், இடம்-வலம் அகலமும் மட்டும் மிகையாகக் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒப்பிட்டுக் கேட்க ஒரு பாட்டை அதே புராஜெக்டில் தனி ட்ராக்காகப் போட்டு, மாஸ்டர் பிளக்-இன்களைத் தொடாமல் வெளியே போகும்படி இணைத்து, நம் மிக்ஸின் சராசரிக்கு இறக்குங்கள். நம்முடையது மைனஸ் 20, அது மைனஸ் 9 என்றால் 11 டெசிபல் இறக்க வேண்டும். இறக்காமல் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும், ஒரு டெசிபல் வித்தியாசமே அதற்குப் போதும். ஒவ்வொரு பிளக்-இன்னுக்கும் இதே விதி: போடுவதற்கு முன்னும் பின்னும் அளவு சமமாக இருக்கும்படி அவுட்புட்டைச் சரிசெய்துவிட்டுத்தான் அதை அணைத்துக் காட்டும் பைபாஸ் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால், போட்ட பிளக்-இன்களில் பாதியை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

பேஸும் கிக்கும்

இடத்தை அதிகம் தின்பது இந்த ஜோடிதான். எல்.யு.எஃப்.எஸ். கணக்கு காதைப் பின்பற்றி அமைந்தது. அதன் வடிகட்டி 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலிக்குச் சுமார் 4 டெசிபல் கூடுதல் மதிப்புத் தருகிறது, 40 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ளதற்குப் பல டெசிபல் குறைக்கிறது. பீக் மீட்டருக்கு அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. ஆழமான பேஸ் உச்சவரம்பை முட்டிக்கொண்டு நிற்கும், சத்தக் கணக்கிலோ அதற்குக் கிடைக்கும் மதிப்பு சொற்பம்.

முதலில் யார் கீழே, யார் மேலே என்று முடிவு செய்யுங்கள். கிக் 50-60 ஹெர்ட்ஸில் ஆழமாக இருந்தால் பேஸின் கனம் 80-120-இல் இருக்கட்டும். குறுகிய, தட்டென்ற கிக் என்றால் அடியாழத்தைப் பேஸுக்கு விடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் ஆழமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டுமே கேட்காது. கிக் விழும்போது பேஸ் 2 முதல் 4 டெசிபல் இறங்கும்படி சைட்செயின் கம்ப்ரஸர் ஒன்று போடலாம். அட்டாக் (அமுக்கத் தொடங்கும் நேரம்) மிக வேகமாக, ரிலீஸ் (விட்டுவிடும் நேரம்) கிக்கின் ஒலி முடிகிற நேரத்துக்கு, அதாவது 80 முதல் 120 மில்லி செகண்ட். பேஸ் மூச்சு வாங்குவது போலக் கேட்டால் அதிகம் என்று பொருள்.

கிக்கை முன்பின் சில மில்லி செகண்ட் நகர்த்தியோ, அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை மாற்றியோ பார்ப்பதும் வீண் போகாது. இரண்டும் சேர்ந்து அடிக்கும் இடத்தில் கனம் எந்த நிலையில் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கிட்டாரை மைக்கிலும் பிக்கப்பிலும் சேர்த்துப் பதிந்திருந்தால் இந்தச் சோதனை கட்டாயம். அங்கே போலாரிட்டி தவறினால் கிட்டாரின் உடம்பே காணாமல் போகும், பிறகு இக்யூவில் கனத்தைத் தேடி அலைவோம்.

பேஸ் ஃபோனில் கேட்கவே இல்லை என்பது அடுத்த புகார். சிறிய ஸ்பீக்கர்களால் 60 ஹெர்ட்ஸை வெளியிடவே முடியாது, ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. அங்கே தேவை சாச்சுரேஷன். 60 ஹெர்ட்ஸ் நோட்டை மெல்லச் சிதைத்தால் 120, 180, 240 என்று அதன் மடங்குகள் பிறக்கும். அவை கேட்டாலே போதும், இல்லாத அடிநாதத்தை மூளை நிரப்பிக்கொள்ளும். பேஸ் ட்ராக்கை நகலெடுத்து, நகலில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அதில் மட்டும் நன்றாகச் சிதைத்து, அசலுக்கு அடியில் மெல்லக் கலந்துவிடுவது கட்டுப்பாடான முறை. வெட்டுவதால் நகலின் ஃபேஸ், அதாவது அலை ஏறி இறங்கும் நேரப் பொருத்தம், சற்று மாறும் என்பதால், கலந்த பிறகு கனம் குறைந்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மங்கல் குடியிருக்கும் இடம்

200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை. குரல், கிட்டார், கீபோர்டு, பேஸின் மேல்பகுதி, ஸ்நேரின் உடல், ரிவர்பின் வால், அறையின் கும்மல் என்று எல்லோரும் அங்கேதான் கூடுகிறார்கள். தனித்தனியாக ஸோலோவில் கேட்டால் ஒவ்வொன்றும் அழகாக, கனமாக இருக்கும். அதனால்தான் ஸோலோவில் இக்யூ செய்வது ஆபத்து. எல்லா ட்ராக்கும் ஓடும்போதே, ஒவ்வொன்றையும் ம்யூட் செய்து பாருங்கள். எதை அணைத்தால் குரல் சட்டென்று தெளிகிறதோ அதுதான் வெட்ட வேண்டிய ட்ராக். பெரும்பாலும் அது நீண்ட நோட்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் கீபோர்டு பேடாகவோ, கோர்டு அடிக்கும் கிட்டாராகவோ இருக்கும்.

அந்த ட்ராக்கில் 250-350 பக்கம் 3 டெசிபல் வெட்டு, க்யூ மதிப்பு, அதாவது வெட்டு எவ்வளவு குறுகலானது என்ற எண், 1 அல்லது 1.5. ஊசி போன்ற குறுகிய வெட்டுகளை இங்கே போடாதீர்கள். அவை ஒரு குறிப்பிட்ட நோட் மட்டும் அறையில் அதிரும்போது உதவும், பொதுவான மங்கலுக்கு உதவாது. கீழ்ஸ்தாயியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை எல்லா ட்ராக்கிலும் கண்மூடித்தனமாகப் போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. குரலுக்கு 80-100, கிட்டாருக்கு 80-120, பேடுக்கு 150-200 என்று தொடங்கலாம், ஆனால் ஒலி மெலிகிற இடம் வரை ஏற்றிவிட்டுச் சற்றுப் பின்வாங்க வேண்டும். செங்குத்தான ஹை-பாஸ் ஃபேஸைத் திருப்புவதால் வெட்டிய பிறகும் பீக் ஏறக்கூடும். ஏறியதா என்பதை மீட்டரே காட்டிவிடும். எல்லாவற்றையும் 300 வரை வெட்டினால் மிக்ஸ் தெளியாது, எலும்புக்கூடாகும்.

குரலின் சொற்கள் புரிவது 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். காது மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் அதுவே. குரலில் அங்கே 5 டெசிபல் கூட்டுவதைவிட, குரலோடு மோதும் கிட்டாரிலும் கீபோர்டிலும் 2 டெசிபல் வெட்டிவிட்டுக் குரலில் 1 டெசிபல் கூட்டுவது எவ்வளவோ மேல். காதைக் குத்தாது. டைனமிக் இக்யூ இருந்தால் குரல் வரும்போது மட்டும் கிட்டார் அங்கே இறங்கும்படி வைக்கலாம், இடையிசையில் கிட்டாரின் பளபளப்பு திரும்பிவிடும். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: அந்தக் கீபோர்டு குரல் இருக்கும் ஸ்தாயியிலேயே வாசிக்க வேண்டுமா? ஒரு ஆக்டேவ் மேலே தூக்கினால் ஒரு பிளக்-இன்னும் தேவைப்படாமல் போகலாம்.

ஒரு வரியை அருகில் வைத்துப் பார்ப்போம்

குரல் ட்ராக்கில் ஒரே ஒரு வரியை எடுத்து வேவ்ஃபார்மைப் பெரிதாக்குங்கள். வரியின் முதல் சொல் மூச்சு நிறைந்திருப்பதால் மைனஸ் 10-ஐ எட்டும். நடுவில் உள்ள சொற்கள் மைனஸ் 18. கடைசிச் சொல்லின் வால், மூச்சு தீர்ந்து, மைனஸ் 26. அந்தக் கடைசிச் சொல்தான் கேட்பவருக்குப் புரிவதில்லை. ஃபேடரை ஏற்றினால் முதல் சொல் காதில் அறைகிறது. கம்ப்ரஸரை இறுக்கினால் முதல் சொல்லில் 10 டெசிபல் அமுக்கி, அதன் தொடக்க மெய்யெழுத்தையே விழுங்கிவிடுகிறது.

கம்ப்ரஸருக்கு முன்னாலேயே கையால் சரிசெய்வதுதான் வழி. முதல் சொல்லைத் தனித் துண்டாக வெட்டி 4 டெசிபல் இறக்கவும். கடைசிச் சொல்லை 5 டெசிபல் ஏற்றவும். நடுவில் மூச்சிழுக்கும் ஓசையை 6 முதல் 8 டெசிபல் இறக்கவும், முழுதாக அழிக்க வேண்டாம், அழித்தால் மனிதர் பாடுவது போலவே இருக்காது. 'ன', 'ம', 'ங' போன்ற மெல்லினத்தில் நீட்டிப் பாடும் இடங்களில் 250-300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கும்மல் சேரும், அந்தத் துண்டை மட்டும் 2 டெசிபல் இறக்கினால் இக்யூவில் நிரந்தர வெட்டு தேவைப்படாது. 'ஸ', 'ஷ' தனியாகச் சீறினால் அந்த எழுத்தை மட்டும் 3 டெசிபல். இப்போது வரியின் உச்சத்துக்கும் அடிக்கும் 16 டெசிபலாக இருந்த வித்தியாசம் ஏழாகியிருக்கும். ஒரு பாட்டு முழுவதற்கும் இதைச் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிக்ஸில் செலவழிக்கும் வேறெந்த மணி நேரமும் இவ்வளவு பலன் தருவதில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

பிறகு கம்ப்ரஸர். ஒன்றுக்குப் பதில் இரண்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம். முதலாவது முனைகளைப் பிடிக்க: ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 4:1, அட்டாக் 2-5 மில்லி செகண்ட், ரிலீஸ் 50, உரக்க வரும் சொற்களில் மட்டும் 2-3 டெசிபல் இறக்கம். இரண்டாவது வரிகளைச் சமப்படுத்த: 2:1, அட்டாக் 15-30, ரிலீஸ் 150 வரை, சராசரியாக 3 டெசிபல். இரண்டாவதின் அட்டாக் மெதுவாக இருப்பதால்தான் சொல்லின் தொடக்கம் உயிரோடு தப்பிக்கிறது. கடைசியில் 'ஸ' சீறலை அடக்கும் டீ-எஸ்ஸர், 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் சீறல் எங்கே இருக்கிறதோ அங்கே. கம்ப்ரஸருக்குப் பிறகுதான் சீறல் கூடும், அதனால் பெரும்பாலும் பின்னால் வைக்கலாம். மேலே 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பளபளப்புச் சேர்ப்பதாக இருந்தால் டீ-எஸ்ஸர் அதற்கும் பின்னால் வர வேண்டும். குரல் மழலையாக, 'ஸ' 'த' போலக் கேட்டால் டீ-எஸ்ஸர் அதிகமாகிவிட்டது.

ரிவர்ப் பற்றிச் சுருக்கமாக. ரிவர்பை எப்போதும் தனிச் சேனலில் வைத்து அனுப்புங்கள், அந்தச் சேனலில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். ப்ரீ-டிலே, அதாவது ரிவர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி, 20 முதல் 40 மில்லி செகண்ட் வைத்தால் சொல் முதலில் வரும், வால் பிறகு வரும். வேகமான பாட்டில் நீண்ட ரிவர்புக்குப் பதில் தாளத்தோடு இசைந்த டிலே தெளிவைக் கெடுக்காது. லிமிட்டர் போட்ட பிறகு ரிவர்ப் இன்னும் முன்னால் வரும், ஆகவே மிக்ஸில் கொஞ்சம் போதாதது போல விட்டுவைக்கலாம்.

மாஸ்டரில் இடத்தையும் வலத்தையும் ஒன்றாக்கும் மோனோ பட்டனை அவ்வப்போது அழுத்துங்கள். ஸ்டீரியோவை அகலப்படுத்தும் பிளக்-இன் போட்ட கீபோர்டு மோனோவில் காணாமல் போனால், ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு அந்தக் கீபோர்டே இல்லை. அகலம் வேண்டுமென்றால் அதே கிட்டார் பகுதியை இரண்டு முறை வாசித்துப் பதிந்து இடமும் வலமும் போடுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து 15 மில்லி செகண்ட் தள்ளி வைப்பது மோனோவில் பள்ளம் பள்ளமாகச் சிதையும்.

ஆறு டெசிபலை எங்கே தேடுவது

இப்போது தொடக்கத்தில் குறித்த எண்களுக்கு வருவோம். பீக் மைனஸ் 3, சராசரி மைனஸ் 20, இடைவெளி 17. முடிவில் பீக் மைனஸ் 1, சராசரி மைனஸ் 12 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், இடைவெளி 11. ஆறு டெசிபல் போக வேண்டும். பாட்டின் உச்சமான இருபது நொடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மாஸ்டர் பீக்கைப் பார்த்தபடி ஒவ்வொரு குழுவையும் ம்யூட் செய்யுங்கள். டிரம்ஸை அணைத்ததும் பீக் 4 டெசிபல் விழுந்து, சராசரி அரை டெசிபல் மட்டுமே குறைந்தால் குற்றவாளி டிரம்ஸ். அதற்குள் ஸ்நேரா கிக்கா என்று பிரித்துப் பாருங்கள்.

ஸ்நேர் என்றால் அந்தச் சேனலில் ஒரு கிளிப்பர். லிமிட்டரைப் போல அது சுற்றியுள்ளதைக் கீழே இழுக்காது, முனையை மட்டும் சீவும். 2 டெசிபல் சீவினாலும் மிக்ஸுக்குள் தெரியாது. நான்கு டெசிபலில் அடியின் கூர்மை மழுங்கத் தொடங்கும். டிரம்ஸ் குழுவில் இன்னொரு அரை அல்லது ஒரு டெசிபல். கிக்கும் பேஸும் சேர்ந்து விழும் இடத்தைச் சைட்செயின் ஏற்கெனவே ஒன்றோ ஒன்றரையோ இறக்கியிருக்கும். கையால் சமப்படுத்திய குரல் இனி எங்கும் எகிறாது. மாஸ்டரில் 25-30 ஹெர்ட்ஸுக்குக் கீழே மென்மையான வெட்டு, பிறகு ரேஷியோ 1.5 அல்லது 2, அட்டாக் 30 மில்லி செகண்ட் வைத்த கம்ப்ரஸரில் ஒரு டெசிபல். கடைசியில் லிமிட்டருக்கு மிஞ்சுவது இரண்டு, அதிகம் போனால் மூன்று. அதில் எதுவும் உடையாது.

லிமிட்டர் 6 டெசிபல் அமுக்கினால்தான் சத்தம் வருகிறது என்றால் மாஸ்டரை விட்டுவிட்டு மிக்ஸுக்குத் திரும்புங்கள். எப்போதும் மிக்ஸில் ஏதோ ஒன்று முனை நீட்டிக்கொண்டிருக்கும். சில நேரம் அது ஒரே ஒரு டாம் டிரம் அடியாக இருக்கும், அந்த அடியை 3 டெசிபல் இறக்கியவுடன் பாட்டு முழுவதும் தளர்ந்துவிடும்.

எவ்வளவு சத்தம் வேண்டும்?

இணையத்தில் பாட்டுப் போட மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். வேண்டும் என்று சொல்லப்படும் எண்ணைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பாடிஃபை வழக்கமான அமைப்பில் மைனஸ் 14-க்கு ஒலிபரப்பைச் சமப்படுத்துகிறது. ஆப்பிள் மியூசிக்கின் சவுண்ட் செக் மைனஸ் 16. யூடியூபும் மைனஸ் 14-க்கு மேல் உள்ளதை இறக்கும், ஆனால் சத்தம் குறைவான பாட்டைத் தூக்கிவிடாது. இவை கேட்கும் நேரத்து அளவுகள், மாஸ்டர் இந்த எண்ணில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இல்லை. ஒற்றைக் கிட்டாரும் குரலும் உள்ள பாட்டு மைனஸ் 15-இல் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கலாம், டிரம்ஸ் நிறைந்த பாட்டு மைனஸ் 9-இல் உட்காரலாம். மைனஸ் 8-க்கு நசுக்கிய பாட்டை ஸ்பாடிஃபை 6 டெசிபல் இறக்கியே ஒலிக்கவிடும், அப்போது நசுங்கல் மட்டும்தான் மிச்சம். மீட்டரில் உள்ள சராசரி, மிக மெல்லிய பகுதிகளைக் கணக்கில் சேர்க்காது என்பதால் நீண்ட மௌனமான முன்னிசை எண்ணைக் கெடுத்துவிடும் என்ற கவலையும் வேண்டாம்.

லிமிட்டரில் ட்ரூ பீக் அமைப்பை இயக்கி உச்சத்தை மைனஸ் 1-இல் வையுங்கள். சாம்பிள்கள் எனப்படும் அளவீட்டுப் புள்ளிகளுக்கு நடுவே எழும் அலை 0-வைத் தாண்டக்கூடும், எம்.பி.3, ஏ.ஏ.சி. போன்ற சுருக்க வடிவங்களுக்கு மாறும்போது இன்னும் ஏறும். மைனஸ் 14-ஐ விடச் சத்தமான மாஸ்டருக்கு மைனஸ் 2 வைக்கச் சொல்கிறது ஸ்பாடிஃபை.

ஏற்றுமதி 24 பிட் வேவ் கோப்பாக, புராஜெக்ட் எந்த சாம்பிள் ரேட்டில் இருந்ததோ அதே ரேட்டில். 16 பிட் கேட்டால் மட்டும் டிதர், அதாவது பிட் குறைப்பின் சிதைவை மறைக்கும் மெல்லிய இரைச்சல், போடுங்கள், அதுவும் ஒரே ஒரு முறை, சங்கிலியின் கடைசியில். ஏற்றுமதி செய்த கோப்பை வேறொரு பிளேயரில் தொடக்கத்திலிருந்து கேளுங்கள்: முதல் நோட்டின் முனை வெட்டுப்படாமல் இருக்கிறதா, கடைசி ரிவர்பின் வால் முழுதாக அடங்கிய பிறகுதான் கோப்பு முடிகிறதா, துண்டு துண்டாக வெட்டிய குரலில் எங்காவது 'டிக்' கேட்கிறதா. அப்படிக் கேட்டால் அந்த வெட்டில் 5 மில்லி செகண்ட் கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு அடங்க அடுத்தது எழும் இணைப்பு) விடுபட்டிருக்கும்.